தெளிவுக்கு ஒரு சாய்வு

அந்த மாத இதழை வாங்குகிறவர்கள் யாரும் அதன் எழுத்தைப் பார்த்ததில்லை, படித்ததோடு சரி. ஒருத்தி மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலைப்பு எங்கே, படம் எங்கே, பத்தி எந்த வரியில் உடைய வேண்டும் என்று கணினியில் ஒழுங்கு செய்து பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. பதினேழு வருடமாக அதே இடம், ஜன்னலிலிருந்து இரண்டாவது மேசை. ஜன்னலை ஒட்டிய முதல் மேசை அவள் அண்ணனுடையது. அவன் போய் ஒன்பது வருடமாகிறது. இப்போது அதில் பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டில் அவனைப் பெரியவன் என்றும் இவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டது அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தொரு வயதாகி, காதோரம் நரை எட்டிப் பார்க்கும்போதும் அவள் சின்னவள்தான்.

இதழின் எழுத்துருவை வரைந்தவன் பெரியவன். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய காலண்டர், மருந்துச் சீட்டு, பாடப்புத்தகம் என்று கையில் எது கிடைத்தாலும் அண்ணனும் தங்கையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். நான்கு வருடம் பிடித்தது. அவன் வரைவான், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று இவள் பார்ப்பாள். 'ழு'வுக்குப் பக்கத்தில் 'த்' வந்தால் எவ்வளவு, 'ர்' முடிந்து 'ப' தொடங்கினால் எவ்வளவு என்று ஆயிரத்துச் சொச்சம் ஜோடிகள்.

"கல்யாணத் தரகர் வேலை," என்பான் பெரியவன். "ஒட்டிக்கவும் கூடாது, மூஞ்சியத் திருப்பிக்கவும் கூடாது."

தடித்த கோடு நன்றாகத் தடித்து, மெல்லிய கோடு மயிரிழையாக ஓடுகிற எழுத்து அது. கோடு முடிகிற இடங்களில் சின்னதாக ஒரு பாதம். தூரத்திலிருந்து பார்த்தால் பக்கம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக, எங்கேயும் திட்டில்லாமல் இருக்கும். தெளிவு என்று அதற்குப் பெயர் வைத்தான். நிமிர்ந்த எழுத்து மட்டும்தான் வரைந்திருந்தான். சாய்வெழுத்து இல்லை.

சாய்வெழுத்து இல்லாமல் ஓர் இதழை நடத்துவது சிரமம். கட்டுரைக்கு நடுவில் யாரோ எழுதிய கடிதம் வரும். ஒருவர் மனதுக்குள் சொல்லிக்கொள்வது வரும். இங்கே குரல் மாறுகிறது என்று கண்ணுக்குச் சொல்ல ஒரு சாய்வு வேண்டும். கணினியில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால், நிமிர்ந்து நிற்கும் எழுத்தையே தோளைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். வட்டம் முட்டையாகும். மெலிய வேண்டிய இடம் தடிக்கும், தடிக்க வேண்டிய இடம் மெலியும். 'ட' இடிந்து விழப்போகும் சுவர் மாதிரி நிற்கும். அந்தப் பொத்தானைத் தொடவே விடமாட்டான் பெரியவன்.

"தள்ளினா சாயும். ஆனா சாய்ஞ்சு நிக்கறதுக்கு எலும்பே வேற. ஒரு வருஷம் குடுங்க, வரைஞ்சு தரேன். அதுவரைக்கும் கடிதம் வந்தா ஓரத்துல இடம் விட்டுப் போடுங்க."

அந்தப் பொத்தான் ஏன் தப்பு என்று ஆசிரியருக்குத் தெரியாது. அவர் கட்டுரைகளைப் பார்க்கிறவர். எழுத்துருவின் எலும்பு அவருக்கு எதற்கு? சின்னவளுக்குத் தெரியும். அதுதான் பிறகு வம்பாகிப்போனது.

ஒரு சிறப்பிதழ் வந்தது. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள், பன்னிரண்டு பக்கம். பெரியவன் காய்ச்சலில் படுத்திருந்தான். அச்சகத்துக்குப் போக வேண்டிய நாள் காலையில் ஆசிரியர் வந்து நின்றார். கடிதமும் விளக்கமும் ஒரே மாதிரி இருந்தால் யார் பேசுகிறார்கள் என்று எப்படித் தெரியும், ஏதாவது செய் என்றார். ஓரத்தில் இடம் விட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு பக்கம் பதினைந்தாகி வழிந்தது. வெட்ட நேரமில்லை. பொத்தானை அழுத்தினாள்.

காய்ச்சல் விட்டு வந்தவன் கையில் தைத்து முடித்த இதழைக் கொடுத்தார்கள். நின்றபடியே புரட்டினான். பன்னிரண்டு பக்கமும் பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் திரும்பக் கத்தியிருப்பாள். இரண்டு நாளில் சரியாகியிருக்கும்.

"தெரியாதவங்க செஞ்சா பரவால்ல," என்றான். "நீ தெரிஞ்சே செஞ்சே."

அவ்வளவுதான். மூன்று மாதத்தில் வெளிநாட்டில் கைபேசித் திரைகளுக்கு எழுத்து வரையும் நிறுவனத்துக்குப் போய்விட்டான். அந்த வேலைக்கு அழைப்பு முன்பே வந்திருந்ததாம், இவளுக்குத்தான் சொல்லவில்லை. போகும்போது இதழுக்கு ஒரு கடிதம் கொடுத்தான். தெளிவை இதழ் எப்போதும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் வடிவத்தை மாற்றக் கூடாது, தன்னைக் கேட்காமல் அந்தப் பெயரில் வேறெதையும் சேர்க்கக் கூடாது. அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்ததும் சின்னவள்தான்.

அதற்குப் பிறகு அவளோடு அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா சின்னவள் வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் அம்மாவைக் கூப்பிடுவான். அம்மா பேசிவிட்டு, "மாப்பிள்ளை, இந்தாங்க," என்று சின்னவளின் கணவனிடம் நீட்டுவாள். சின்னவள் அந்த நேரம் பார்த்துத் துணி காயப்போடப் போய்விடுவாள். முதல் இரண்டு வருடம் யாராவது கூப்பிடுவார்கள் என்று கதவோரமாகவே காயப்போட்டாள். பிறகு கொடியின் அந்தக் கோடிக்குப் போனாள்.

ஆனால் வாரத்தில் ஆறு நாள் அவள் அவனோடுதான் இருந்தாள் என்றும் சொல்லலாம். பக்கம் பக்கமாக அவன் எழுத்து. எந்த எழுத்தை நிதானமாக வரைந்தான், எதை அவசரத்தில் முடித்தான் என்று அவளுக்குத் தெரியும். வளைவு கீழே இறங்கும்போது அரை மயிர் அதிகமாகத் தடிப்பான். பாதத்தின் இடது பக்கம் வலது பக்கத்தைவிடத் துளி நீளம். 'ஞ'வை வரைந்த வாரம் பல்வலி. அது இன்றைக்கும் கன்னத்தில் கை வைத்த மாதிரிதான் இருக்கும்.

அவன் போன மூன்றாவது வருடம் அவள் சாய்வெழுத்தை வரைய ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அரை மணி, சனிக்கிழமைகளில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மணி நேரம். முதலில் காகிதத்தில் பட்டைப் பேனாவால் எழுதிப் பார்த்தாள். கை வேகமாக ஓடும்போது பேனா எங்கே அழுந்துகிறது, எங்கே லேசாகிறது என்று கவனித்தாள். சாய்வு என்பது ஓட்டம். ஓடுகிறவன் முன்னால் சாய்வான், தள்ளப்பட்டவனும் சாய்வான். இரண்டுக்கும் கால் வேறு. இதைப் புரிந்துகொள்ளவே ஒரு வருடம் போனது. 'அ' மட்டும் நாற்பது தடவை வரைந்தாள்.

அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். சனிக்கிழமை காலையில் டீ டம்ளரோடு பின்னால் வந்து நிற்பான்.

"எத்தனை பாகை சாய்க்கிறே?"

"ஒன்பது."

"எங்க வேலையில அரைப் பாகை சாய்ஞ்சா கட்டடம் மொத்தமும் படியேறும்."

"நீங்க பாத்த லிஃப்ட் நின்னா முழங்கால் வலி உங்களுக்கு வர்றதில்ல. ஊருக்குத்தான் வருது."

"இத முடிச்சு என்ன பண்ணப்போறே?"

அவள் மௌஸை நகர்த்தி ஒரு வளைவின் புள்ளியை இழுப்பாள். அவனும் கேட்டதை மறந்தவன்போல டம்ளரைக் கழுவப் போவான்.

ஆறு வருடத்தில் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரு வடிவம் வந்திருந்தது. எதுவும் முடிந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஆசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். இதழின் அளவு மாறப்போகிறது, நல்ல காகிதத்துக்குப் போகிறோம், தோற்றம் முழுவதும் புதிதாக வேண்டும். வெளியிலிருந்து ஒரு வடிவமைப்புக் குழு வந்து பார்த்துவிட்டது. எழுத்துருவையும் மாற்றச் சொல்கிறார்கள்.

"நிமிர்ந்தது, சாய்வு எல்லாம் ஒரே செட்டா கெடைக்குதாம்," என்றார் ஆசிரியர். "நம்மளோடது ஒத்தையா நிக்குது. சாய்வே இல்லாம எத்தனை நாள் ஓட்டறது? நாலு மாசத்துல மாத்திடலாம்."

சின்னவள் ஜன்னலோர மேசையைப் பார்த்தாள். மாற்றிவிட்டால் மறுநாள் காலையில் கணினியைத் திறக்கும்போது அவன் இருக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இல்லாதவன் திங்கள் முதல் சனி வரையும் இல்லாமல் போய்விடுவான். இதைக் கூட்டத்தில் சொல்ல முடியுமா? எல்லோரும் எழுந்து போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"சாய்வு இருக்கு," என்றாள்.

"எங்க இருக்கு?"

"எங்கிட்ட."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அச்சிட்ட தாள்களைப் பார்த்தார். கட்டுரை படிப்பதைப்போலவே மேலிருந்து கீழாகப் பார்த்தார். தெளிவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆறு வருஷமா இத வெச்சுக்கிட்டுப் பேசாம இருந்தியா? அழுத்தக்காரி நீ." பிறகு அந்தக் கோப்பை எடுத்து வரச் சொன்னார். பெரியவனின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "அவன் சரின்னு எழுதிக் குடுக்கணும். இல்லேன்னா இது தெளிவோட சாய்வு கெடையாது, உன்னோட படம். அவன் ஒத்துக்கிட்டா நான் அந்தக் குழுவுக்கு வேற பதில் சொல்லிக்கிறேன். நான் கேக்கட்டுமா?"

"வேண்டாம். நானே கேக்கறேன்."

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டாள். எப்படிக் கேட்பது? அன்புள்ள அண்ணாவுக்கு என்று ஆரம்பித்தாள். அவன் சிரிப்பான் என்று அழித்தாள். அண்ணா என்று மட்டும் போட்டாள். அது கையை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. அந்தச் சிறப்பிதழைப் பற்றி ஒரு பத்தி எழுதினாள். மன்னிப்பு என்ற சொல்லை எங்கே வைத்தாலும் அது கடன் வாங்கிய சட்டை மாதிரி தொளதொளத்தது. நான்கு நாள் இப்படிப் போனது. கடைசியில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஒரே ஒரு தாளில் எல்லா எழுத்தையும் வரிசையாக வைத்து, கீழே ஒரு பத்தியைச் சாய்வில் போட்டு, 'பார்வைக்கு' என்று தலைப்பிட்டு மின்னஞ்சலில் அனுப்பினாள். பத்திக்கு நல்ல வாசகம் எதுவும் வைக்கப் பயமாக இருந்தது. கணவன் பையிலிருந்த அறிவிப்பை எடுத்துப் போட்டாள்: லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். கதவைத் தள்ள வேண்டாம். மணியை அழுத்திவிட்டுக் காத்திருக்கவும்.

"ஒன்பது வருஷம் கழிச்சு அண்ணனுக்கு எழுதறே, இத விட உருக்கமா எதுவும் கெடைக்கலையா?" என்றான் கணவன்.

அந்த ஞாயிறு அம்மாவிடம் அவன் அரை மணி நேரம் பேசினான். சின்னவள் கொடியின் இந்தக் கோடிக்கே வந்து நின்று, ஒரே துண்டை மூன்று தடவை உதறினாள். மழை, முதுகுவலி, பக்கத்து வீட்டு நாய். வேறு எதுவும் இல்லை.

பதினோராம் நாள் பதில் வந்தது. அதிலும் கடிதம் என்று ஒரு வார்த்தை கிடையாது. அவள் அனுப்பிய தாள்தான், சிவப்பால் கீறி வந்திருந்தது. நாற்பத்து மூன்று இடங்கள்.  பிரிண்டரில் கொடுத்தாள். அவனுடைய பழைய மேசையிலிருந்தே அது மெதுவாக வெளியே வந்தது.

அவன் கையெழுத்தை ஒன்பது வருடம் கழித்துப் பார்க்கிறாள். 'ண'வுக்குப் பக்கத்தில்: மூணு சுழியும் ஒரே அளவா இருக்கு, மூணாவது ஓடணும், உக்காரக் கூடாது. 'டு'வுக்குப் பக்கத்தில்: வால் பயப்படுது. 'கூ'வுக்கு: தும்மல். 'ஐ'க்கு ஒரு கேள்விக்குறி மட்டும். 'ஞ'வுக்கு: இது என்னோட தப்பு, நீ ஏன் காப்பி அடிச்சே? அதைப் படித்தபோது சிரித்துவிட்டாள். பிறகுதான் 'ழ'வைப் பார்த்தாள். அங்கே திருத்தம் இல்லை. சின்னதாக எழுதியிருந்தான்: இது தள்ளினது இல்ல.

அந்தத் தாளை மடிக்காமல், அட்டை வைத்துப் பையில் எடுத்துப் போனாள். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை, கசங்கும் என்று.

திருத்தி அனுப்பினாள். கீறி அனுப்பினான். ஏழு வாரம் இப்படியே ஓடியது. நாற்பத்து மூன்று முப்பதானது, இருபத்திரண்டானது. எழுத்தைத் தவிர வேறு எதையும் அவன் எழுதவில்லை, இவளும் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்தாள்.

"'ண' சரியாயிருச்சான்னு கேக்கறான். அதுக்கு என்னடி ஆச்சு?"

"இன்னைக்கு அனுப்பறேன்னு சொல்லும்மா."

"அனுப்பறாளாம்டா. ம்? மூணாவது சுழியா?" அம்மாவுக்குச் சலித்துப்போனது. "ஏண்டி, அவனுக்கு வாயில்லையா, உனக்குக் காதில்லையா? நடுவுல நான் என்ன தபால்காரனா? இந்தா, நீயே பேசு."

போனை நீட்டிவிட்டாள். சின்னவளின் இரண்டு கையும் ஈரம். புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிக் காதில் வைத்தாள். எதிர்முனையில் மூச்சு கேட்டது. ஒரு பேருந்து போகிற சத்தம் கேட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "சரி, வேலை இருக்கு. வெக்கறேன்." அதை அம்மாவுக்குச் சொன்னானா இவளுக்குச் சொன்னானா என்று தெரியவில்லை. குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. முன்னால் அப்படி இருக்காது. போன் அணைந்த பிறகும் சற்று நேரம் காதிலேயே வைத்திருந்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் முட்டிக்கொண்டார்கள். மெல்லிய கோடு. எழுத்தின் உயரத்தை ஆயிரம் பங்காக வைத்தால் தெளிவில் மெல்லிய கோடு இருபத்திரண்டு பங்கு. சாய்வில் அவள் பதினெட்டு வைத்திருந்தாள். அவன் எழுதினான்: பதினெட்டு அச்சுல நிக்காது. இருபத்தாறு வை. அவள் முதல்முறையாக எதிர்த்து எழுதினாள்: இருபத்தாறு வெச்சா தலைப்புல சாய்வு நடக்கும், ஓடாது. அவன்: காகிதத்துல பாக்காம பேசாதே. அவள் அதற்குப் பதில் எழுதவில்லை. அச்சகத்துக்குப் போனாள்.

அச்சகத்து மேற்பார்வையாளர் புதுக் காகிதத்தில் சோதனைத் தாள் ஓட்டிக் கொடுத்தார். ஒரே வாசகம், சின்ன அளவிலிருந்து பெரிய அளவு வரை. மை காயும்வரை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"பெருசுல கத்தி மாதிரி நிக்குது. சின்னதுல கோடு இருக்கான்னு கேட்டீங்கன்னா, இருக்கு. இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு இருக்கு."

அவள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். உண்மைதான். சின்ன அளவில் மெல்லிய கோடுகள் அங்கங்கே அறுந்திருந்தன. சுழிகளில் மை அடைத்திருந்தது. பெரிய அளவில், ஆறு வருடமாக அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்த கோடு அப்படியே காகிதத்தில் ஓடியிருந்தது. தடித்த கோட்டிலிருந்து அது பிரியும் இடம் எங்கே என்று சொல்ல முடியவில்லை. அச்சகத்தின் இரைச்சலில் நின்றுகொண்டு வெகு நேரம் பார்த்தாள். இதை அவன் விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. எந்தப் புதுத்தாள் வந்தாலும் முதலில் தடவித்தான் பார்ப்பான்.

சாய்வை இரண்டாகப் பிரித்தாள். தலைப்புக்குப் பதினெட்டு, பத்திக்கு இருபத்தாறு. சோதனைத் தாளைப் படமெடுத்து அனுப்பினாள். இரண்டு நாளில் வந்தது: தலைப்புக்கு நீ சொன்னதுதான் சரி.

அதைக் கணவனிடம் காட்டினாள். அம்மாவிடம் படித்துக் காட்டினாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவன் யார்கிட்டயும் இப்படிச் சொன்னதில்லம்மா," என்றாள்.

"அப்பா சாகறவரைக்கும் காத்திருந்தாரு, அவன் வாயால 'சரி' கேக்க," என்றாள் அம்மா.

கீறல்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒன்பது. ஐந்து. குறையக் குறைய சின்னவளின் கை மெதுவாகிப்போனது. ஒரு எழுத்தைத் திருத்திவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொள்வாள். எல்லாம் சரியாகிவிட்டால் அவன் எதைக் கீறுவான்? கீற ஒன்றும் இல்லாவிட்டால் எதற்கு எழுதுவான்? ஆசிரியர் வந்து மேசையைத் தட்டினார்.

"முடிஞ்சுதா? அந்தக் குழு தினமும் போன் பண்ணுது."

"'ஔ' மட்டும் பாக்கி."

"ஔவுல வர்ற வார்த்தைய நான் இந்த வருஷம் பூரா பாக்கலை. அதுக்கா இத்தனை நாள்?"

வீட்டிலும் அதே கேள்விதான். சனிக்கிழமை காலை டம்ளரோடு வந்த கணவன் திரையைப் பார்த்தான். போன சனிக்கிழமையும் அதே எழுத்துதான் திரையில் இருந்தது.

"இது நல்லாத்தானே இருக்கு?"

"ம்."

"அனுப்ப வேண்டியதுதானே?"

 அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நீ அனுப்பலேன்னா ஆசிரியர் வேற ஃபான்ட் வாங்கிடுவாரு. அப்ப அவனும் போவான், உன்னோடதும் போகும். அனுப்பினா இது ரெண்டுமாவது நிக்கும். அவன் எழுதறதும் எழுதாததும் அவன் பாடு."

அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து அனுப்பினாள்.

மறுவாரம் பெரியவனிடமிருந்து ஆசிரியருக்குக் கடிதம் வந்தது. மூன்று வரி. சாய்வைப் பார்த்தேன், தெளிவின் பெயரில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம், வரைந்தவர் பெயரை இதழின் கடைசிப் பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவில் போட வேண்டும். சின்னவளுக்குத் தனியாக ஒன்றும் வரவில்லை. அவளிடமிருந்து போன கடைசித் தாளும் கீறல் இல்லாமல், திரும்பாமல் அவனிடமே தங்கிவிட்டது.

புது இதழ் வந்தது. தலைப்புக் கட்டுரையின் பெயர் பக்கத்தின் குறுக்கே சாய்வில் ஓடியது. அதற்குக் கீழே தெளிவு நிமிர்ந்து நின்றது. வாசகர் கடிதங்களில் எழுத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. காகிதம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சின்னவள் ஒரு பிரதியைக் கெட்டியான உறையில் போட்டு அவனுக்கு அனுப்பினாள். அன்றே ஒரு மின்னஞ்சலும் எழுதினாள். நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது, ஒரே வரி என்பதால் இருக்கலாம்.

இதழ் அனுப்பியிருக்கேன். எப்ப வர்றே?

ஆறு நாள் கழித்து வந்தது பதில். கூடவே ஒரு கோப்பு. அவன் எழுதியிருந்தான்: இதழ் கெடைச்சுது. தடிச்ச எழுத்து இல்லாம குடும்பம் முழுசாகாது. ஆரம்பிச்சிருக்கேன். அ அனுப்பறேன், பாரு. சாய்வுக்கும் தடிச்சது நீதான் வரையணும்.

சாப்பாட்டு மேசையில் கணவன் எட்டிப் பார்த்தான். "கேட்டதுக்குப் பதிலே இல்லையே. இதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு வருஷம். சனிக்கிழமை மட்டும்னா மூணு."

"அப்ப மூணு வருஷத்துக்கு வரமாட்டேன்னு சொல்றானா?"

"மூணு வருஷத்துக்கு எழுதுவேன்னு சொல்றான்," என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு வேண்டியிருந்தது அது இல்லை. ஜன்னலோரத்து மேசையில் பிரிண்டரை நகர்த்திவிட்டு ஒருவன் வந்து உட்கார வேண்டும் என்று இருந்தது. தாளைத் தடவிப் பார்க்க ஒரு கை வேண்டியிருந்தது.

கோப்பைத் திறந்தாள். தடித்த அ. திரையில் பெரிதாக்கி, சிறிதாக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவன் கைதான், கீழே இறங்கும் வளைவில் அந்த அரை மயிர் அப்படியே இருந்தது. உள்ளே இருக்கும் சுழியில் மட்டும் ஏதோ சரியில்லை. கறுப்பு உள்ளே தள்ளி, வெள்ளைக்கு இடமே விடாமல் அடைத்திருந்தது. இந்தக் காகிதத்தில் அச்சானால் மை மூடிவிடும். திரையிலேயே பார்த்துப் பழகியவனுக்கு அது மறந்துபோயிருக்கும்.

சிவப்பை எடுத்தாள். இதுவரை அவன் எழுத்தில் அவள் கீறியதில்லை. சுழியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதினாள்: இங்க மூச்சு முட்டுது, திறந்து விடு. அதற்குக் கீழே போன தடவை கேட்டதையே மறுபடியும் கேட்டாள்.